டொக் என்று சொன்ன சுவர்

ஒரு காட்டுக் குளத்தின் மேல்கரையில் முள்ளெலிக் குடும்பம் ஒன்று இருந்தது. அப்பா சடையன். அம்மா இருளாயி. மூன்று குட்டிகள்.

மற்ற முள்ளெலிகள் வேலியடியிலும் பொந்திலும் முடங்கிக் கிடந்தன. சடையன் மட்டும் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பி, கோரைப்புல்லில் கூரை போட்டு வீடு கட்டியிருந்தான். கோடைக்குக் கோடை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிய சுவர். அந்தக் கரையில் சுவர் வைத்த வீடு அது ஒன்றுதான்.

சுவர் இருந்தால் அதற்குப் பூச்சு வேண்டும். மாசி மாதம் பனி விலகிக் காற்று காய்ந்து அடிக்கும்போது சடையன் செம்மண்ணைக் கரைத்துப் பூசுவான். பூசுவதற்கு முன்னால் சுவரைக் கேட்பான்.

சுவரைக் கேட்பது என்றால் வேறொன்றும் இல்லை. முன்னங்காலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவது. காய்ந்த சுவர் "டொக்" என்று சொல்லும். ஈரச் சுவர் "தொப்" என்று சொல்லும். டொக் என்றால் பூசலாம். தொப் என்றால் காத்திருக்க வேண்டும். சுவரைக் கேட்காமல் அவன் ஒரு கை மண்ணும் அப்பியதில்லை.

அந்த வருடம் மாசியில் இருளாயிக்குப் பிரசவம். பூச்சு விட்டுப்போனது. பங்குனியில் கடைக்குட்டி பொடிச்சி பால் குடிக்காமல் கிடந்தாள். சித்திரையில் அவளுக்கு வயிற்றோட்டம். ஒரு கவலை தீர்வதற்குள் அடுத்த கவலை வந்து நின்றது. ஆடியில் புழுதிக்காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஐப்பசி வந்திருந்தது. மழையும் வந்திருந்தது. சுவரில் பழைய செம்மண் கரைந்து, வரிவரியாக வழிந்து, வீடு அழுத முகம் மாதிரி இருந்தது.

இருளாயி அதைப் பார்த்துப் பார்த்து நாளை எண்ணினாள். காரணம், ஐப்பசி அமாவாசை வருகிறது.

அந்தக் காட்டில் ஐப்பசி அமாவாசைதான் மின்மினித் திருநாள். அன்று பொழுது சாய்ந்ததும் மின்மினிகள் வீட்டுக்கு வீடு வந்து வாசலில் உட்காரும். கூடப்பிறந்த அக்கா தங்கைகள் அண்ணன் தம்பி வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். சடையனின் அக்கா வீராயியும் வருவாள். போன வருடமும் வந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். எழுந்தபோது முதுகு முள்ளெல்லாம் செம்மண். கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்.

"என் தம்பி வீட்டுல கட்டியிருக்கிறது சுவரா, சந்தனக் கட்டையா? சாஞ்சா அப்பிக்கிட்டு வருது."

எல்லோரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான். இருளாயி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை அவளுக்குள்ளேயே ஒரு வருடமாகக் கிடந்து ஊறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. மறுநாளும் அடித்தது. இருளாயி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள்.

"மழை போயிருச்சு போல" என்றாள்.

குளத்தோரம் உட்கார்ந்திருந்த சொறியன் தவளை கத்துவதை நிறுத்தினான். "போயிருச்சா? அப்ப நான் எதுக்கு இன்னும் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்? யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"உனக்கு எப்பவும் நக்கல்தான்."

"நக்கல் இல்ல தாயி. இது ஐப்பசி வெயிலு. விருந்தாளி மாதிரி. வந்த அன்னைக்கே செருப்பை வாசல் பக்கம் திருப்பி வச்சிருக்கும்."

இருளாயி நேரே ஆலமரத்தடிக்குப் போனாள். அங்கே கோடப்பன் அணில் இருந்தான். அவன் வால்தான் அந்தக் காட்டில் பூச்சு மட்டை. பறவைகளின் கூட்டுக்கும் எலிகளின் வளை வாசலுக்கும் அவன்தான் பூசுவான். மழைக்காலத்தில் அவனைக் கூப்பிடுவார் யாரும் இல்லை. அவன் பொந்தில் தானியம் தீர்ந்து வந்தது. இருளாயியைப் பார்த்ததும் அவன் கிளையிலிருந்து சரசரவென்று இறங்கினான்.

"வாங்கக்கா. என்ன, வீட்டுக்குப் பூசணுமா?"

"பூசணும்தான். ஆனா இது பூசுற காலமான்னுதான்..."

"நல்லாயிருக்கே. மழைக்குத்தானே பூச்சு? வெயிலுக்கா பூச்சு? குடையை மாசியில வாங்கி என்னக்கா செய்ய?"

இருளாயிக்கு அது சரியென்றே பட்டது. சரியென்று பட வேண்டும் என்றுதான் அவளும் வந்திருந்தாள்.

"செம்மண்ணெல்லாம் விடுங்க" என்றான் கோடப்பன். "நத்தை ஓட்டை இடிச்சுச் சுண்ணாம்பு குழைக்கிறேன். அதுல இந்த ஆலம்பாலைக் கலந்து அடிச்சா சுவரு பளபளன்னு நிக்கும். தண்ணி பட்டா தாமரை இலையில உருளுற மாதிரி உருண்டு ஓடிரும். சாஞ்சா ஒரு துளி ஒட்டாது."

"ஒட்டாதா?"

"ஒட்டவே ஒட்டாது."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கூலியாக, சேர்த்து வைத்திருக்கும் கம்புத் தானியத்தில் பாதி கொடுத்தால் போதும் என்றான் கோடப்பன். இருளாயி ஒப்புக்கொண்டாள். திரும்பி நடந்தவள் நின்று கேட்டாள்.

"சுவரைக் கேக்கணுமே, நீ வந்து கேப்பியா?"

"அது வீட்டுக்காரங்க வேலைக்கா. டொக்குன்னா சொல்லி விடுங்க, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அணில் நத்தை ஓடு பொறுக்கப் போய்விட்டான்.

சடையன் விஷயத்தைக் கேட்டதும் வெளிச்சுவரில் ஒரு தட்டுத் தட்டினான்.

"தொப்" என்றது சுவர்.

"தொப்புங்குது இருளாயி."

"மழை பட்ட பக்கம் தட்டுனா வேற என்ன சொல்லும்?"

"கீழ குளத்து ஈரம் ஏறிக்கிட்டு இருக்கு. மாசி வரைக்கும் பொறுப்போம்."

"மாசியில உங்க அக்கா வரமாட்டாங்க. அமாவாசைக்கு வர்றாங்க. போன வருஷம் சொன்னதுக்கு நீங்க சிரிச்சீங்க. இந்த வருஷமும் சிரிங்க. நான் எங்கயாச்சும் பொந்துல போய் மூஞ்சிய மறைச்சுக்கிறேன்."

சடையன் தலையைக் குனிந்துகொண்டு இரை தேடப் போய்விட்டான். சண்டை என்றால் அவன் சுருண்டுகொள்கிற ஆள்.

இருளாயி உள்ளே போனாள். வாசல் பக்கத்துச் சுவரைத் தட்டினாள். "தொப்" என்றது. குளத்துப் பக்கம் தட்டினாள். "தொப்." மூலைக்கு மூலை தட்டினாள். எல்லா இடத்திலும் தொப், தொப், தொப்.

கடைசியாக ஓர் இடம் இருந்தது. அங்கே பொடிச்சி சுவரோடு முதுகை ஒட்டிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்த நாள் முதல் அவளுக்கு அதுதான் இடம். வேறெங்கு கிடத்தினாலும் உருண்டு உருண்டு அங்கேயே வந்துவிடுவாள். இருளாயி குட்டியை மெல்ல நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தட்டினாள்.

"டொக்" என்றது சுவர்.

இருளாயிக்கு முகம் மலர்ந்தது. மறுபடி தட்டினாள். "டொக்." நன்றாகக் காய்ந்த சுவரின் சத்தம். எந்த மாசியிலும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

அந்த இடம் ஏன் காய்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. குட்டியின் உடம்புச் சூடு நாளெல்லாம் பட்டுப் பட்டு அந்தக் கையகலச் சுவரை மட்டும் காயவைத்திருந்தது. அது தெரிந்தும், சுவர் சொன்னது சொன்னதுதான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சடையன் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "இங்க கேளுங்க" என்றாள். அவன் தட்டினான். டொக் என்றது. அவன் அலுத்து வந்திருந்தான். இன்னொரு இடத்தில் தட்டினால் இன்னொரு சண்டை வரும் என்று அவனுக்குத் தோன்றியது.

"சரி, பூசச் சொல்லு" என்றான்.

கோடப்பன் வந்தான். வாலைச் சுண்ணாம்பில் தோய்த்து வெளியே பூசினான். உள்ளே பூசினான். ஆலம்பால் மணம் வீடெங்கும் அடித்தது. சாயங்காலத்துக்குள் வீடு கொக்கு மாதிரி வெளுத்துவிட்டது. குளத்துத் தண்ணீரில் அதன் நிழல் விழுந்து ஆடியது.

கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "நிலா குளத்துல விழுந்திருச்சோன்னு பயந்துட்டேன்" என்றான் சொறியன் தவளை. அவன் கிண்டல் செய்கிறானா என்று இருளாயி அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கவலை இல்லாமல் தூங்கினாள்.

அதன் பிறகு மழை திரும்பி வந்தது.

இந்த முறை அது விடவில்லை. ஆனால் கோடப்பன் சொன்னது உண்மைதான். மழைத்தண்ணீர் சுவரில் பட்டு உருண்டு ஓடியது. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. இருளாயி ஈரத்தை வெளியே நிறுத்திவிட்டதாக நினைத்தாள். ஈரம் உள்ளேதான் இருந்தது. சுவருக்கு நடுவில் பழைய மழையின் ஈரம். அடியில் குளத்திலிருந்து ஏறுகிற ஈரம். முன்பெல்லாம் செம்மண் பூச்சின் வழியாக அது காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இப்போது இரண்டு பக்கமும் ஆலம்பால் அடைத்துக்கொண்டிருந்தது. ஈரம் போக வழியில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

மூத்த குட்டி காத்தான் ஒருநாள் சொன்னான். "அம்மா, சுவரு ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கு."

"புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"என் இடம் கதகதன்னு இருக்கே" என்றாள் பொடிச்சி.

அடுத்து நடுக்குட்டி முத்திருளி கூப்பிட்டாள். "அம்மா, சுவருக்குக் கொப்புளம் வந்திருக்கு."

இருளாயி போய்ப் பார்த்தாள். வெள்ளைப் பூச்சு ஓரிடத்தில் உப்பிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினாள். அது உடைந்து கலங்கல் தண்ணீர் வழிந்தது. காய்ந்த புல்லை எடுத்து அவசரமாக ஒற்றினாள். சடையன் வருவதற்குள் அந்த இடத்தை மறைத்து ஒரு கோரைப்பாயைச் சாத்தி வைத்தாள்.

அமாவாசை மட்டும் கழியட்டும், அப்புறம் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அமாவாசைக்குள் கொப்புளங்கள் அதிகமாயின. பாய்கள் போதவில்லை.

திருநாளன்று விடிந்ததிலிருந்தே வானம் கறுத்துக் கொட்டியது. மின்மினிகள் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் இருளாயி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதில் வீராயி வந்தாள். ஒரு குட்டியை வாயில் கவ்வியிருந்தாள். இன்னொன்று அவள் காலோடு ஒட்டி வந்தது. முதுகு முள்ளெல்லாம் சேறு. வாசலில் குட்டியை இறக்கிவிட்டு அவள் கேட்டாள்.

"தம்பி, உள்ள இடம் இருக்கா?"

"என்னக்கா ஆச்சு?"

"ஓடை திரும்பிருச்சு. வேலியடி மொத்தமும் போச்சு. இதுகளை மட்டும் தூக்கிட்டு வந்தேன்."

சடையன் ஓடிப்போய் குட்டியைத் தூக்கினான். இருளாயி காய்ந்த புல்லை எடுத்து வந்து மதினியின் முதுகைத் துடைத்தாள். வீராயி உள்ளே வந்தாள். வெள்ளைச் சுவரை அவள் பார்க்கவே இல்லை. அப்படியே அதில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருளாயி கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"மதினி, சாஞ்சிருக்கீங்களே, முள்ளுல ஏதாச்சும் ஒட்டுதா?"

"என்ன ஒட்டுது?"

"போன வருஷம் சொன்னீங்களே. சுவரா, சந்தனக் கட்டையான்னு."

வீராயி கண்ணைத் திறந்தாள். "நானா? நான் எப்ப சொன்னேன்?"

"இங்கதான், எல்லாரும் இருக்கும்போது."

"சொல்லியிருப்பேன். வாயி சும்மா இருக்காதே எனக்கு. நீ அதையா இத்தனை நாள் வச்சுக்கிட்டு இருந்த? ஏ இருளாயி, இந்த மழையில தலைக்கு மேல ஒரு கூரை நிக்குதே, அதைவிட என்னடி வேணும்?"

சொன்னவளுக்கே மறந்துபோன ஒரு வார்த்தை. அதற்காக இருளாயி ஒரு வருடம் சரியாகத் தூங்கவில்லை.

முள்ளெலிகளுக்குப் பகலில் ஒரு தூக்கம் உண்டு. சாப்பிட்டதும் எல்லோருக்கும் கண்ணைச் சுழற்றியது. நனைந்து வந்த குட்டிகளை நடுவில், கதகதப்பான இடத்தில் படுக்கவைத்தார்கள். தன் குட்டிகளை இருளாயி சுவரோரமாக ஒதுக்கினாள். பொடிச்சி வழக்கம்போல் தன் இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, மின்மினி வந்தா எழுப்புவியா?"

"எழுப்புறேன். தூங்கு."

பிற்பகலில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. கனத்த ஈரத்துணியைத் தரையில் போட்டது மாதிரி, "தொப்" என்று ஒரே ஒரு சத்தம். எல்லாச் சுவரும் சேர்ந்து அந்த ஒரு பதிலைச் சொல்லிவிட்டது.

கூரை ஒரு பக்கமாகச் சரிந்தது. சுவர் சேறாகி உள்ளே விழுந்தது. வெள்ளைப் பூச்சு மட்டும் உரித்த தோல் மாதிரி மேலே கிடந்தது. மழை நேரே முகத்தில் அடித்தது.

முதலில் எழுந்தவள் வீராயிதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் சேற்றைப் பறித்தாள். சடையன் பறித்தான். இருளாயி குட்டிகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பறித்தாள். சொறியன் தவளைகூடக் கத்துவதை விட்டுவிட்டு ஓடிவந்து சேற்றைத் தள்ளினான்.

மண் மெத்தென்று இருந்தது. கை வைத்ததும் கரைந்தது. வீராயியின் குட்டிகள் நடுவில் பத்திரமாக இருந்தன. காத்தான் மூக்கில் சேறோடு வெளியே வந்தான். முத்திருளி இருமிக்கொண்டே வந்தாள். நனைந்த மண் அவர்களை நசுக்கவில்லை.

"பொடிச்சி எங்க?" என்றான் சடையன்.

அவள் இடத்தில் பறித்தார்கள். அங்கே மட்டும் மண் கரையவில்லை. கையகலத்தில் ஒரு கட்டி. கல் மாதிரி இறுகிக் கிடந்தது. சடையன் அதைப் பெயர்த்துப் புரட்டினான். அடியில் பொடிச்சி சுருண்டிருந்தாள். தூங்கும்போது எப்படிச் சுருண்டாளோ அப்படியே. அவளை எழுப்ப முடியவில்லை.

அந்தச் சுவர் முழுவதிலும் காய்ந்திருந்தது அந்தக் கட்டி ஒன்றுதான். அதைக் காயவைத்தது அவள் உடம்புச் சூடு.

சடையனுக்கு விளங்கவில்லை. "எல்லாம் சேறாத்தானே விழுந்துச்சு? இது மட்டும் எப்படி இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இருளாயி அந்தக் கட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மழை அதன் மேல் பெய்தது. முன்னங்காலை மடக்கி மெல்லத் தட்டினாள்.

"டொக்" என்றது அது.

சடையன் அந்தச் சத்தத்தைக் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். அவளை அவன் திட்டவில்லை. தானும் அன்றைக்கு அங்கே ஒரு தரம் தட்டிவிட்டு, அடுத்த இடத்தில் தட்டாமல் விட்டது அவன் நினைவுக்கு வந்தது. அவன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தான். வீராயி இருளாயியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். ஆலமரத்தில் கோடப்பன் அணில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மேல்கிளைக்கு ஏறிப்போனான்.

மழைக்காலம் முடிந்தது. மாசி வந்தது. பனி விலகிக் காற்று காய்ந்து அடித்தது. இடிந்த வீட்டில் மிச்சமிருந்த குட்டைச் சுவர் தானாகக் காய்ந்தது. யார் எங்கே தட்டினாலும் இப்போது அது "டொக்" என்றுதான் சொன்னது. பூசுவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பூச யாரும் இல்லை. ஓடை வடிந்ததும் அவர்கள் வேலியடிப் பொந்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வண்ணம் பூசும் காலத்தை விருந்து வரும் நாளைப் பார்த்துக் குறிக்காமல் சுவர் முழுவதும் காய்ந்ததைப் பார்த்துக் குறிக்க வேண்டும்; நமக்கு வேண்டிய பதில் எங்கே கிடைக்குமோ அந்த இடத்தில் மட்டும் கேட்டுவிட்டு அதை உண்மை என்று நம்பினால், கேட்காதவரைவிடப் பெரிய கேட்டை அடைவோம்.